தெப்ராவ் மண்ணும் லயத்து மூலிகையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வெச்சுக்கிட்டுப் படிங்க.

தெப்ராவ்னு சொன்னா இன்னிக்கு எல்லாருக்கும் ஞாபகம் வர்றது நெடுஞ்சாலை நெரிசலும் பேரங்காடியும்தான். ஆனா இந்த ஊர் ஜொகூர் பாருவை விட மூத்தது. ஜொகூர் பாரு நகரம் 1855-ல உருவானது. அதுக்குப் 11 வருசம் முன்னாலேயே, 1844-ல, டான் கீ சூன் என்ற தியோச்சியூ சீனத் தலைவர் தம் ஆட்களோடு தெப்ராவ் ஆத்துல ஏறி வந்து காங்கார் தெப்ராவ் குடியிருப்பைப் போட்டார். அப்போ ஜொகூரை ஆண்டவர் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம். ஆத்துக்கு ஒரு தலைவர், அவருக்கு ஒரு பட்டயம், அவர் கீழே காட்டை வெட்டிப் பயிர் வைக்கிற கூலிங்க. இதுதான் காங்சூ முறை.

அவங்க வெச்ச பயிர் ரெண்டு: மிளகு, கம்பிர். மிளகு நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில எப்பவும் இருக்கிற மருந்து. கம்பிரை இன்னிக்குப் பிள்ளைங்களுக்குத் தெரியாது. வெற்றிலை போடுற பாட்டிங்களைக் கேட்டா தெரியும், காசுக்கட்டி மாதிரி துவர்க்கும். மலாய்க்காரங்க அதை வெற்றிலையோட சேர்த்து மெல்லுவாங்க, வயித்துப்போக்குக்கும் புண்ணுக்கும் பயன்படுத்துவாங்க. இலையைப் பெரிய இரும்புக் குவாலியில கொதிக்க வெச்சு, சாறு கெட்டியானதும் துண்டு போட்டுக் காய வைப்பாங்க. சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். அருமையான ஏற்பாடு மாதிரி தெரியுது இல்லையா? ஆனா அடுப்புக்கு விறகு வேணும், விறகுக்குக் காடு வேணும். 15, 20 வருசத்துல மண்ணும் செத்துடும், சுத்தியிருந்த காடும் போயிடும். அப்புறம் அடுத்த ஆத்துக்குப் போவாங்க. கம்பிர் அதிகமா போனது ஐரோப்பாவுக்கு, தோல் பதப்படுத்தவும் சாயம் போடவும். மருந்துக்குப் போனது கொஞ்சம்தான். 1917-ல காங்சூ முறையை ஒழிச்சாங்க. அதுக்குள்ள ரப்பர் வந்துடுச்சு, ரப்பரோட நாமளும் வந்துட்டோம்.

நாம வந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நாகப்பட்டினம், ஆவடி முகாம், கப்பல், பினாங்கு, அப்புறம் தனிமைப்படுத்துற முகாம், கடைசியா தோட்டம். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல நின்னுச்சு. கங்காணி மூலமா வர்றது 1938-ல இந்திய அரசு தடை போடுற வரைக்கும் நடந்துச்சு. இதுல நாங்க பேச வந்தது வேற விஷயம். நம்ம பாட்டிங்க லயத்து வாசல்ல வெச்சிருந்த செடிங்க எங்கிருந்து வந்துச்சு?

"ஊர்ல இருந்து முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தாங்க"ன்னு சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. சிலது அப்படி வந்திருக்கலாம். ஆனா லயத்து மூலிகையில பாதிக்கு மேல யாரும் கொண்டு வர வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கெனவே இங்கே இருந்துச்சு. கீழாநெல்லி, குப்பைமேனி, வல்லாரை, கரிசாலை, இதெல்லாம் வெப்ப நாடு எங்கும் ஈரமான மண்ணுல தானா முளைக்கிற களை. கான் ஓரத்துல, மாட்டுக் கொட்டகை பின்னால, பால்காட்டு ஓரத்துல. நம்ம ஆளுங்க கப்பல்ல இருந்து இறங்கி, மொழி தெரியாத ஊர்ல நடந்து போறப்போ, காலடியில தெரிஞ்ச முகமா நின்னது இந்தச் செடிங்கதான். மலாய்க்காரங்களுக்கும் இதெல்லாம் மருந்துதான். வல்லாரை அவங்களுக்குப் பெகாகா, கீழாநெல்லி டுக்கோங் அனாக். இலைக்குக் கீழே குழந்தையைச் சுமக்கிற மாதிரி காய் தொங்குறதால அந்தப் பேரு. நாம 'கீழா நெல்லி'ன்னு பாத்ததும் அதே காயைத்தான். நிலவேம்பு ஹெம்பெடு பூமி, அதாவது மண்ணோட பித்தப்பை. கசப்பைச் சொல்ல இதை விட நல்ல பேரு எங்களுக்குத் தெரியல. வசம்பு ஜெராங்காவ், கற்பூரவள்ளி பாங்குன்-பாங்குன். முருங்கை மட்டும் நம்ம பேரையே எடுத்துக்கிட்டு மெருங்கை ஆயிடுச்சு.

எதிர்த்திசையிலயும் ஒண்ணு போச்சு. தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் தவசிக்கீரைன்னு ஒரு கீரை வளர்க்கிறாங்க, சத்து நிறைஞ்சதுன்னு வீட்டுத் தோட்டத்துல வைக்கச் சொல்றாங்க. கேரளாவுல அதுக்கு இன்னொரு பேரு 'செக்குர்மாணிஸ்'. நம்ம பாசார்ல கட்டுக்கட்டா விக்கிற செக்குர் மானிஸ்தான் அது! இங்கேயிருந்து அங்கே போன செடி, மலாய்ப் பேரோடயே போயிருக்கு. இதைப் பத்திக் கீழே இன்னொரு முக்கியமான விஷயம் சொல்லணும், மறந்துடாதீங்க.

செடி வெக்க இடம் எங்கேன்னு கேட்டா, அது சட்டத்துலயே இருந்துச்சு. அந்தக் காலத்து மலாயா தொழிலாளர் சட்டத்துல, குடும்பத்தோட இருக்கிற இந்தியத் தொழிலாளிக்கு ஓர் ஏக்கர்ல 16-ல ஒரு பங்கு நிலம் பயிர் வெக்கவும் மாடு மேய்க்கவும் ஒதுக்கணும்னு விதி இருந்தது. கணக்குப் போட்டா ஏறக்குறைய 2,700 சதுர அடி. எல்லாத் தோட்டத்துலயும் ஒழுங்கா கொடுத்தாங்கன்னு சொல்ல மாட்டோம். துரை இரக்கப்பட்டும் அந்த விதி வரலை, கூலி கம்மியா இருக்கிறப்போ ஆளு பட்டினி கிடக்காம வேலைக்கு வரணும்ங்கிற கணக்கும் அதுல இருக்கு. ஆனாலும் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, ஓரத்துல துளசி, தூதுவளை, நொச்சின்னு நம்ம வீட்டு வைத்தியம் வேர் விட்டது அந்தத் துண்டு நிலத்துலதான்.

இப்போ காய்ச்சலுக்கு வருவோம். லயத்துச் சனங்களை அதிகமா கொன்னது மலேரியா. கிள்ளான் பக்கம் 1901-ல இருந்து வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார், 1911-ல வந்துச்சு. அவர் கண்டுபிடிச்சதுல ஒண்ணு நம்ம மாதிரி மேடுபள்ளமான ஊருக்கு நேரா பொருந்தும். காட்டை வெட்டினா காய்ச்சல் குறையும்னு எல்லாரும் நினைச்சாங்க. தாழ்வான நிலத்துல அது சரி. மேட்டு நிலத்துலயோ நேர்மாறு. அங்கே மலேரியாவைப் பரப்புற கொசு, வெயில் படுற தெளிஞ்ச ஓடைத் தண்ணியிலதான் முட்டையிடும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் விட்டதே கொசுவுக்குத் தொட்டில் கட்டின மாதிரி ஆயிடுச்சு. ஓடையை மண்ணுக்கடியில குழாய் வழியா விட்டு, தேங்கின தண்ணிக்கு எண்ணெய் தெளிச்சப்புறம்தான் சாவு குறைஞ்சுது.

அப்போ பாட்டியோட நிலவேம்புக் கசாயம் என்ன செஞ்சுது? உண்மையைச் சொல்லணும்னா, மலேரியாவை அது நிறுத்தியிருந்தா தோட்டத்துச் சுடுகாடு அவ்வளவு பெருசா ஆகியிருக்காது. நிறுத்தினது கொயினா. ஆஸ்பத்திரி டிரஸர் வரிசையில நிக்க வெச்சு வாயைத் திறக்கச் சொல்லி ஊத்தினாரே, அந்தக் கொயினாவும் மரப்பட்டைதான், தென் அமெரிக்க மலையில வளர்ற சின்கோனா மரத்தோட பட்டை. நீலகிரியில நடுவட்டத்துல வெள்ளைக்காரன் அந்த மரத்தை வெச்சு கொயினா தொழிற்சாலையே நடத்தினான். உலகத்துக்கே பெரும்பங்கு போனது ஜாவாவுல இருந்து. 1942-ல ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் உலகம் பூரா கொயினாவுக்குத் தட்டுப்பாடு. இங்கேயும் கடையில மருந்து இல்லை, அரிசி இல்லை. சயாம் மரண ரயிலுக்கு இழுத்துட்டுப் போனவங்க போக, மிச்சம் இருந்தவங்களுக்குச் சாப்பாடு மரவள்ளி, வைத்தியம் கைக்கு எட்டின இலை. வீட்டு வைத்தியத்து மேல நம்ம மூத்தவங்களுக்கு இருக்கிற பிடிப்பு அந்த மூணரை வருசத்துல இறுகினதுன்னுதான் எங்களுக்குத் தோணுது. வேற வழி இல்லாம பிடிச்சது அது. அதைப் புரிஞ்சுக்கிட்டா இன்னிக்கு ஆஸ்பத்திரி இருந்தும் போகாதவங்களோட எப்படிப் பேசணும்னு தெரியும்.

அம்மன் கோயில்ல தொண்டு செஞ்சுக்கிட்டு வேப்பிலையைப் பேசாம போக முடியுமா! அம்மை வந்த வீட்டு வாசல்ல வேப்பிலை செருகினா வெளியாள் உள்ளே வர மாட்டாங்க, வீட்டாள் வெளியே போக மாட்டாங்க. கிருமின்னு ஒண்ணு இருக்கிறது தெரியாத காலத்துலயே நம்ம சனம் கடைப்பிடிச்ச தனிமைப்படுத்தல் அது. பெரியம்மையை உலகத்தை விட்டு விரட்டினது தடுப்பூசி, 1980-ல அது ஒழிஞ்சதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. ரெண்டையும் சேர்த்துச் சொல்றதால ஆத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொண்ணு, வேம்பு வறண்ட நிலத்து மரம். ஜொகூர் மழையில தண்ணி தேங்குற இடத்துல நட்டா வேர் அழுகிடும். வீட்டுல நடுறவங்க மேடு கட்டி, மணல் கலந்து நடுங்க.

கீழாநெல்லி கதைதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சது. மஞ்சக்காமாலைன்னா உடனே அரைச்சு மோர்ல கலந்து கொடுக்கிறது நம்ம வழக்கம். இதைச் சென்னைப் பல்கலைக்கழகத்துல தியாகராசன் குழுவினர் சோதிச்சாங்க. உடம்புல ஹெப்படைட்டிஸ் பி கிருமி தங்கியிருந்தவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தாங்க. 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல கிருமியோட அடையாளம் மறைஞ்சுது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சுது. 1988-ல லான்செட் என்ற பெரிய மருத்துவ ஏட்டுல வந்துச்சு. தமிழனுக்குப் பெருமையான நேரம்தான். ஆனா அப்புறம் வேற நாடுகள்ல செஞ்ச சோதனைகள்ல அதே பலன் கிடைக்கல. வாட்சப்ல சுத்துற பதிவுங்க முதல் பாதியை மட்டும்தான் சொல்லும்.

அப்போ பாட்டி கொடுத்துக் குணமானவங்க? குணமானது பொய் இல்லை. தண்ணி, சாப்பாடு மூலமா வர்ற ஹெப்படைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானா சரியாயிடும். எண்ணெய் இல்லாத சாப்பாடு, மோர், ஓய்வுன்னு பாட்டி வெச்ச பத்தியம் உடம்புக்கு இதமா இருந்திருக்கும். ஆனா கண்ணு மஞ்சளாகுறது எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற காய்ச்சலாவும் இருக்கலாம். வெள்ளம் வந்த பிறகு வீட்டைக் கழுவினவங்களுக்கு அது வரும். அதுக்கு ஆன்டிபயோட்டிக் வேணும், நாள் தள்ளினா கிட்னி போயிடும். கண்ணைப் பார்த்து எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துத்தான் பார்க்கணும். ஹெப்படைட்டிஸ் பி-க்கு 1989-ல இருந்து நம்ம நாட்டுல பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஊசி போடுறாங்க. அந்த ஊசியைத் தவிர்க்கிற பெற்றோர் இருந்தா தயவு செஞ்சு எங்களோட வந்து பேசுங்க.

டிங்கிக்கும் இதே மாதிரி ஒரு கதை. தெப்ராவ்ல கட்டுமான வேலை நடக்காத இடமே இல்லை, கொசு இல்லாத தாமானும் இல்லை. 2019-ல மட்டும் மலேசியாவுல 130,000 பேருக்கு மேல டிங்கி, 182 பேர் இறந்து போனாங்க. அம்மான் பச்சரிசியும் பப்பாளி இலையும் எல்லார் வாயிலயும் இருக்கு. பப்பாளி இலைச் சாத்தை நம்ம நாட்டு ஆய்வாளர்களே 228 நோயாளிங்ககிட்ட சோதிச்சு 2013-ல வெளியிட்டாங்க. சாறு குடிச்சவங்களுக்கு ரத்தத் தட்டணு சீக்கிரம் ஏறுச்சு. நல்ல செய்திதான். ஆனா டிங்கியில ஆளைக் கொல்றது பெரும்பாலும் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு வர்ற அதிர்ச்சி. அதைச் சாறு தடுக்கும்னு அந்த ஆய்வு காட்டல. காய்ச்சல் இறங்குற நாள்தான் ஆபத்து தொடங்குற நாள். "கசாயம் குடிச்சேன், சூடு போயிடுச்சு"ன்னு வீட்டுல படுத்துடுறாங்களே, அங்கேதான் உயிர் போகுது. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்பச் சோர்வு, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரை போடக் கூடாது. தமிழ்நாட்டு அரசு டிங்கி காலத்துல கொடுத்த நிலவேம்புக் குடிநீரும் வெறும் நிலவேம்பு இல்லை. வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு சேர்த்து ஒன்பது சரக்கு. கொல்லையில பறிச்ச ஒரு கைப்பிடி இலையும் அதுவும் ஒண்ணு ஆகாது.

செக்குர் மானிஸ் பத்திச் சொல்றோம்னு சொன்னோமே. நாம அதைச் சமைச்சுத்தான் சாப்பிடுறோம், முட்டை போட்டுக் கிண்டுவோம், கூட்டு வைப்போம், ஒண்ணும் ஆகல. 1990-கள் நடுவுல தைவான்ல உடம்பு இளைக்கும்னு யாரோ சொல்லி, அதைப் பச்சையா அரைச்சு வாரக்கணக்குல ஜூஸா குடிச்சாங்க. நிறைய பேருக்கு நுரையீரல்ல நிரந்தரமான பழுது. மூச்சு விட முடியாம சிலர் செத்தும் போனாங்க. அதே இலைதான். சட்டிக்குப் பதிலா பிளெண்டர், ஒரு பிடிக்குப் பதிலா ஒரு கட்டு, வாரத்துல ஒரு நாளுக்குப் பதிலா தினமும். "இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்றவங்களுக்கு நாங்க இந்தக் கதையைத்தான் சொல்றோம்.

வசம்பும் அப்படித்தான். பிள்ளை வளர்ப்பான்னு நம்மூர்ல பேரு, சுட்டு உரசிக் குழந்தை நாக்குல தடவுவாங்க. அதுல இருக்கிற ஒரு எண்ணெய்ப் பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் வரவெச்சதுன்னு 1968-லேயே அமெரிக்காவுல உணவுல சேர்க்கத் தடை போட்டுட்டாங்க. கையில கயிறா கட்டுங்க, வாயில வேணாம். இதுக்கு எங்க தொண்டர் குழுவுல இருக்கிற அம்மாங்களே சண்டைக்கு வந்தாங்க, "நாங்க வளர்க்கலையா?"ன்னு. மரியாதையோட கேட்டுக்கிட்டோம், ஆனா சொன்னதை மாத்திக்கல.

தோட்டங்கள் போன கதையும் இதுல சேரும். மவுண்ட் ஆஸ்டின் தோட்டம்னா ஒரு காலத்துல ரப்பர். இன்னிக்கு அது கடைவரிசையும் காப்பிக் கடையும். லயத்துல இருந்தவங்க மலிவு விலை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தாங்க. 2,700 சதுர அடிக் கொல்லை துணி காயப் போடுற கம்பியளவு ஆச்சு. செடி போனதை விட, செடியை அடையாளம் காட்டுற கண்ணு போனதுதான் பெரிய நஷ்டம். கீழாநெல்லி மாதிரியே இருக்கிற வேற செடிங்க இருக்கு, தண்டு சிவப்பா இருக்கும், காய்க்குக் காம்பு இருக்காது. பேரன் அலைபேசியில படத்தைப் பார்த்துப் பறிக்கிறான், எது எதுன்னு அவனுக்குத் தெரியாது. கொல்லை இல்லாத இடத்துல பாட்டில் வருது, பொடி வருது. நம்ம சமூகத்துல பெரியவங்கள்ல நூத்துக்கு 31 பேருக்குச் சர்க்கரைன்னு 2019 தேசிய சுகாதார ஆய்வு சொல்லுது, எல்லா இனத்துலயும் நாமதான் முதல். விக்கிறவங்களுக்கு அது நல்லாத் தெரியும். 1992-ல இருந்து பாரம்பரிய மருந்தையும் இங்கே பதிவு செய்யணும். டப்பாவுல MAL-க்குப் பதிலா என்னென்னவோ அச்சடிச்சிருப்பாங்க, எம்.ஏ.எல். எழுத்தும் எண்ணும் இருந்து, கடைசியில 'டி' எழுத்து இருந்தாத்தான் பதிவான பாரம்பரிய மருந்து. பதிவில்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கிறதைச் சுகாதார அமைச்சு பல தடவை பிடிச்சிருக்கு. மூட்டு வலி மூணே நாள்ல பறந்தா சந்தேகப்படுங்க.

இதெல்லாம் யோசிச்சுத்தான் கோயில்ல மூலிகைப் பாத்தி போட்டப்போ ஒரு முடிவு எடுத்தோம். செடி கொடுப்போம், நாத்து கொடுப்போம், எப்படி வளர்க்கிறதுன்னு சொல்லித் தருவோம். கசாயம் காய்ச்சிப் பிரசாதமா கொடுக்க மாட்டோம். பிரசாதம்னா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அளவும் கேக்க மாட்டாங்க. கிட்னி மருந்து சாப்பிடுறவங்களும் கர்ப்பிணிப் பொண்ணும் அதே வரிசையிலதான் கையை நீட்டுவாங்க. சளிக்குக் கற்பூரவள்ளி, துளசி, தொண்டைக்குச் சுக்கு மல்லி, வயித்துப் பொருமலுக்கு ஓமம், சாதத்துக்கு முருங்கைக் கீரை, தூதுவளை ரசம், வல்லாரைத் துவையல். சமையல் அளவுல இருக்கிற வரைக்கும் இதுல பெரும்பாலும் பயம் இல்லை, சுகமும் உண்டு. அதுக்கு மேல போகணும்னா பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பாருங்க. 2016-ல பாரம்பரிய மருத்துவத்துக்குன்னே தனிச் சட்டம் வந்திருக்கு, கிளினிக் டாக்டர்கிட்டயும் என்ன சாப்பிடுறீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.

இப்போ உங்ககிட்ட ஒரு வேலை. லயத்துல இருந்த மூத்தவங்க சொல்ற செடிப் பேர்களை ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வர்றோம். தோட்டத்துக்குத் தோட்டம் பேரு மாறுது, சேலத்துக்காரங்க ஒண்ணு சொல்றாங்க, தஞ்சாவூர்க்காரங்க ஒண்ணு சொல்றாங்க, பாதிப் பேரு மலாய்லயே இருக்கு. எந்த நோவுக்கு, எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு பாட்டி சொன்னது இது எல்லாம் எழுதுறோம். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் அதிகமா வருது, தெரியுமா? வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மடப்பள்ளிப் பக்கம் உக்காந்திருப்போம். பேரு தெரியாட்டியும் பரவாயில்லை, ஒரு கிளையை வேரோட, காயோட ஈரத் துணியில சுத்திக் கொண்டு வாங்க. நடக்க முடியாத ஆயா, தாத்தா வீட்டுல இருந்தா சொல்லுங்க, நாங்களே நோட்டை எடுத்துக்கிட்டு வர்றோம்.